கேசரிப் பவுடரும் கடைசி மேன்ஹோலும்

இந்தத் தொழிலுக்கு வந்ததும் என் சொந்தக் காசில் நான் வாங்கிய முதல் கருவி கேசரிப் பவுடர். 1993ஆம் ஆண்டு. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை. பத்துப் பன்னிரண்டு பாக்கெட் எடுத்து வைத்ததும் கடைக்காரர், "வீட்ல கல்யாணமா தம்பி?" என்றார். "இல்லண்ணே, சாக்கடைக்கு" என்றேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நான் சேர்ந்திருந்தது காலாங் பக்கத்தில் ஒரு மின்முலாம் ஆலை. உலோகப் பாகங்களுக்குச் செம்பு, நிக்கல், குரோமியம் பூசிக் கொடுக்கும் வேலை. பிற்பாடு சர்க்யூட் போர்டுகளும் வந்தன. எனக்குக் கொடுத்த பெயர் கழிவுநீர் ஆபரேட்டர். பாலிடெக்னிக்கில் வேதியியல் படித்தவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் ஒரு டார்ச்சும் கொடுத்து, சுத்திகரிப்புத் தொட்டிகள் இருந்த பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆலையின் வரைபடத்தில் தரைக்குழிகள் பதினொன்று. பதினொன்றும் என் தொட்டிக்கே வந்து சேர்வதாகக் கோடு போட்டிருந்தது. அந்த வரைபடம் வரைந்த பிறகு அங்கே இரண்டு முறை சுவர் இடித்திருந்தார்கள்.

ஆலை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே போகும் மழைக் கால்வாயின் வாயை மணல்மூட்டை வைத்து அடைத்தேன். பிறகு குழிக்கு ஒரு பாக்கெட்டாகக் கேசரிப் பவுடரைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, டார்ச்சோடு ஓடி ஓடிப் பார்த்தேன். ஒன்பது குழிகளின் நிறம் ஒழுங்காக என் தொட்டிக்கு வந்தது. பத்தாவது, தொட்டியைத் தொடாமல் நேரே பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போனது. பதினொன்றாவது, ரசாயனக் கிடங்கின் வாசலில் துடைப்பான் அலசும் குழி. அதில் கொட்டிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், மணல்மூட்டைக்குப் பின்னால் கல்யாண வீட்டுக் கேசரி நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

சிங்கப்பூரில் தண்ணீர் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. ஒன்று கழிவுநீர்க் குழாய். வீட்டுக் கழிப்பறை முதல் ஆலைக் கழிவு வரை அதில் போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அடையும். மற்றது மழைத்தண்ணீர் ஓடும் திறந்த கால்வாய். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் அதன் பெயர் லோங்காங். அது ஆற்றுக்குப் போகும், நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. ஆலைக்கழிவில் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை செம்பு இருந்தால் கழிவுநீர்க் குழாய்க்கு விடலாம். லோங்காங்கிலோ ஆற்றிலோ விடுவதானால் 0.1 மில்லிகிராம்தான். ஐம்பது மடங்கு வித்தியாசம். ஒரே தண்ணீர், ஒரே செம்பு. எந்தக் குழாயில் போகிறது என்பதைப் பொறுத்து அது அனுமதிக்கப்பட்ட கழிவா, குற்றமா என்று மாறிவிடும்.

லோங்காங் எனக்குப் புதிதில்லை. அப்பா சுற்றுப்புற அமைச்சின் கால்வாய்ப் பிரிவில் கூலியாக இருந்தவர். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் மாலையில் வியர்வை வாடையோடு வருவார்கள், எங்கள் அப்பா ரோச்சோர் கால்வாயின் வாடையோடு வருவார். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்து ஆண்டுகளில் சுத்தமாக்க வேண்டும் என்று 1977இல் பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். 1987க்குள் முடித்தார்கள். நூற்றுக்கணக்கான பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. தெருவோரக் கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்குள் போனார்கள். கரையோரப் பட்டறைகள் தொழிற்பேட்டைகளுக்கு மாற்றப்பட்டன. இன்று படகில் போகிறவர்கள் அதை ஒரு பொறியியல் சாதனை என்று நினைக்கக்கூடும். அப்பா சொல்வது வேறு. ஆற்றிலிருந்து குப்பையை அள்ளுவது அதில் சின்ன வேலையாம். யார் வீட்டுப் பின்புறத்திலிருந்து எந்தக் குழாய் வருகிறது என்று சந்து சந்தாக நடந்து கண்டுபிடித்ததுதான் பெரிய வேலையாம். பதினாறு வருடம் கழித்து நான் கேசரிப் பவுடரோடு செய்ததும் அதையேதான். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

நான் கேசரிப் பவுடர் வாங்கிய லிட்டில் இந்தியாவே ஒரு காலத்தில் தொழில்கள் நிறைந்த இடம்தான் என்பது இன்று அங்கே பிரியாணி சாப்பிட வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் மாட்டுத் தொழிலின் மிச்சம். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும், அந்தப் பகுதியின் சதுப்பில் அது தாராளமாகக் கிடைத்தது. மாட்டை ஒட்டி மற்றத் தொழில்களும் வந்தன. கெர்பாவ் சாலையில் வானவில் மாதிரி வண்ணம் பூசிய டான் தெங் நியாவின் வீட்டின் முன் இன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1900இல் கட்டியது அது. அவர் மிட்டாய்த் தொழிற்சாலைக்காரர். கரும்புச் சக்கையை ரப்பர் புகையூட்டும் கொட்டகைக்கு விறகாக்கினார் என்று சொல்வார்கள். இப்போது கருத்தரங்குகளில் வட்டப் பொருளாதாரம் என்று படம் போட்டு விளக்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மிட்டாய்க்காரர் ஞாபகம் வந்துவிடும்.

பதினொன்றாவது குழியைப் பற்றி மேலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, யாரிடம் சொல்வது என்றுதான் யோசித்தார். குழாய் பராமரிப்புப் பிரிவுடையது. குழி கிடங்குப் பிரிவுடையது. துடைப்பான் துப்புரவுக் குத்தகைக்காரருடையது. தண்ணீர் போய்ச் சேரும் இடம் மட்டும் என்னுடையது. நாலு பேருக்கு நடுவில் அந்தக் குழி அநாதையாகக் கிடந்தது. ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் நிர்வாகத்தை எப்படி அமைத்துக்கொள்கிறது என்று இன்று இளைஞர்கள் கேட்டால் இந்தக் குழியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். அந்தக் குழியை அடைக்க மூன்று வாரம் ஆனது. சிமென்ட் பூசியது ஒரு மணி நேர வேலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1970இலேயே பிரதமர் அலுவலகத்தின்கீழ் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு தூய்மையான காற்றுச் சட்டம், 1972இல் சுற்றுப்புறத்துக்கென்றே ஓர் அமைச்சு, 1976இல் ஆலைக் கழிவுநீர் விதிகள். அதிகாரிகள் சொல்லாமல் வருவார்கள். நேரே ஆலையின் கடைசி மேன்ஹோலுக்குப் போய் மூடியைத் திறந்து ஒரு போத்தல் மொண்டுகொண்டு போவார்கள். ஆலைக்குள் நாம் என்ன வித்தை காட்டினாலும் பொதுக் குழாயில் சேரும் முன் கடைசியாக உள்ள அந்தக் குழியில் உண்மை தெரிந்துவிடும். எங்கள் காலத்தில் நிர்வாகம் என்றால் அந்த ஒரு போத்தலுக்குப் பயப்படுவதுதான். மாதிரி எடுத்து முடித்ததும் சூப்பர்வைசர் அவர்களுக்குக் கோப்பி வாங்கித் தருவார், அவர்கள் குடிக்க மாட்டார்கள்.

பயம் பின்கட்டிலேயே இருந்துவிட்டது என்பதுதான் அதில் குறை. முலாம் பூசும் வரிசையில் நிற்கிறவருக்கு அந்தப் போத்தலைப் பற்றித் தெரியாது. ஆனால் அதில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவரே அவர்தான்.

வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாகங்களைக் கொக்கிச் சட்டத்தில் மாட்டி நிக்கல் தொட்டியில் முக்குவார்கள். தூக்கும்போது சட்டத்தில் ஒட்டிக்கொண்டு பச்சை நிறக் கரைசல் கொஞ்சம் கூடவே வரும். அடுத்த தொட்டியில் தண்ணீரில் அலசினால் அது தண்ணீரோடு போய்விடும். என் சுத்திகரிப்புத் தொட்டிக்கு வந்த நிக்கலில் பெரும்பங்கு இப்படி ஒட்டிக்கொண்டு வந்ததுதான். நிக்கல் தொட்டிக்கு மேலேயே சட்டத்தைப் பத்து விநாடி கூடுதலாகப் பிடித்துச் சொட்டவிட்டால் கணிசமான பங்கு திரும்பத் தொட்டிக்குள் விழுந்துவிடும். இதற்கு இயந்திரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். ஒரு மனிதன் பத்து விநாடி பொறுத்தால் போதும்.

அந்தப் பத்து விநாடிக்காக நான் நாலு வருடம் சண்டை போட்டேன். எங்கள் வரிசையில் நாலு நிமிடத்துக்கு ஒரு சட்டம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 120. சட்டத்துக்குப் பத்து விநாடி என்றால் மொத்தம் இருபது நிமிடம், அதாவது ஐந்து சட்டம் குறையும். உற்பத்தி மேலாளரின் மாத போனஸ் சட்டக் கணக்கில் இருந்தது. என் கணக்கு மில்லிகிராமில் இருந்தது. நான் பேசப் பேச அவர் சட்டத்தின் எண்ணிக்கையையே திருப்பித் திருப்பிச் சொல்வார். அவர்மேல் தப்பில்லை. அவரை எதை வைத்து அளக்கிறார்களோ அதைத்தான் அவரால் பார்க்க முடியும்.

முடிச்சை அவிழ்த்தவர் வரிசையில் வேலை செய்த ஒருவர். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ராத்திரி ஷிப்டு. "சார், கையில புடிச்சிக்கிட்டு நின்னாத்தானே நேரம் போவுது? மேல ஒரு கம்பி போட்டுட்டா தொங்கவிட்டுட்டு அடுத்ததை மாட்டப் போயிடுவேன்ல" என்றார். தொட்டிக்கு மேலே ஒரு குழாயைக் குறுக்காகப் போட்டோம், தொட்டிகளுக்கு நடுவில் சரிவாக ஒரு பிளாஸ்டிக் தகடு. பத்து விநாடி கேட்டவனுக்கு நாற்பது விநாடி கிடைத்தது, ஒரு சட்டமும் குறையவில்லை. கம்பிக்கு ஆன செலவு நூறு வெள்ளிக்கு உள்ளேதான். அலசும் தொட்டியையும் மூன்றாகப் பிரித்து, சட்டம் ஒரு பக்கமாகப் போகத் தண்ணீரை எதிர்ப்பக்கமாக வரவிட்டோம். கடைசித் தொட்டியில் நல்ல தண்ணீர், முதல் தொட்டியில் அழுக்குத் தண்ணீர். துணி துவைக்கிற எந்த அம்மாவுக்கும் இது தெரியும். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த ஈட்டின் முதல் அலசலுக்கு எடுத்து வைப்பார்கள்.

சான்றிதழ் காலம் அப்புறம் வந்தது. பிரிட்டனில் 1992இல் பிஎஸ் 7750 என்று ஒரு சுற்றுச்சூழல் நிர்வாகத் தரநிலை வந்து, அதை ஒட்டி 1996இல் ஐஎஸ்ஓ 14001 உலகத்துக்கே வந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரிய மின்னணுக் கம்பெனிகள். சான்றிதழ் இல்லையென்றால் விலைப்பட்டியல் அனுப்பவே வேண்டாம் என்றார்கள். நாலு வருடம் நான் சொல்லியும் அசையாத நிர்வாகம் ஒரு ஃபேக்ஸில் அசைந்தது. ஆலோசகர் ஒருவரைப் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் எட்டுக் கோப்புகள். அவர் போட்ட 'சுற்றுச்சூழல் அம்சங்கள்' பட்டியலில் 160க்கு மேற்பட்ட வரிகள். அலுவலகத்தில் காகிதம் அச்சடிப்பது ஒரு வரி, ஊழியர் தேநீர்ப் பை போடுவது ஒரு வரி, சயனைடு கரைசல் சிந்துவது ஒரு வரி. மூன்றுக்கும் ஒரே எழுத்தளவு. மதிப்பெண் கூட்டிப் பார்த்தால் காகிதம் சயனைடுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது, தினமும் நடக்கிற காரியம் என்பதால்.

தணிக்கை முடிந்தது, சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டப்பட்டது, எட்டுக் கோப்புகளும் அலமாரிக்குப் போயின. இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதம் காட்டினேன். அந்தத் தரநிலையைக் கேலி செய்கிறவர்கள் நிறையப் பேர், நானும் செய்திருக்கிறேன். ஆனால் உள்ளே புகுந்து படித்தால் அது கேட்கிற கேள்விகள் அப்பாவின் கேள்விகள்தான். உன்னிடமிருந்து என்ன வெளியே போகிறது? எந்தச் சட்டம் உன்னைக் கட்டுகிறது? யார் பொறுப்பு? அவருக்குச் சொல்லிக் கொடுத்தாயா? தப்பிப் போனால் என்ன செய்வாய்? செய்கிறாயா என்று யார் பார்க்கிறார்கள்? முதலாளிக்குத் தெரியுமா? இதைக் கோப்பாக்கியது ஆலோசகர். தரநிலை கோப்பு கேட்கவில்லை, பதில் கேட்டது.

எனவே பட்டியலைத் தரைக்குக் கொண்டுபோனேன். 'அம்சம்', 'தாக்கம்' என்ற சொற்களைத் தமிழில் எழுதி ஒட்டியபோது எங்கள் தம்பிகள் அதைக் கோயில் அறிவிப்பு மாதிரி கடந்து போனார்கள். சொல்லை மாற்றினேன். ஒவ்வொரு தொட்டியடியிலும் நின்று, "இது தப்பினா எங்க போகும்?" என்று மட்டும் கேட்டேன். உடனே வாய் திறந்தது. எந்த வால்வு இறுகாது, எந்த பம்ப் ராத்திரி இரண்டு மணிக்கு நிற்கும், மழை பலமாகப் பெய்தால் எந்தக் குழி நிரம்பி வழியும் என்று எல்லாம் வந்தது. தொட்டிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களும் அப்போதுதான் தெரிந்தன. நிக்கல் 'பச்சை', செம்பு 'நீலம்', குரோமியம் 'மஞ்சள்'. சயனைடுத் தொட்டிக்குப் பெயரே கிடையாது. தலையை ஆட்டிக் காட்டுவார்கள். சீன ஊழியர்களும் மற்றவர்களும் அதே நிறங்களைத் தங்கள் மொழியில் சொன்னார்கள். மேலாளர்களின் எதிர்ப்பை மீறி எல்லாக் குழாய்களுக்கும் அந்த நிறங்களையே பூசினோம். சயனைடுக்குச் சிவப்பு, அமிலக் குழாய்க்குக் கறுப்பு. சிவப்பும் கறுப்பும் எந்த இடத்திலும் ஒரே குழிக்கு வரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு, ஆளை விடாது. இந்த ஒரு விதிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

160 வரி ஒன்பது வரியானது. ஒன்பதுக்கும் ஒவ்வொருவர் பெயர், ஷிப்டு வாரியாக. துறையின் பெயரோ பதவியோ எழுதவில்லை, ஆளின் பெயரை எழுதினோம். அவர் விடுப்பில் போனால் யார் என்று அடுத்த பெயர். பெயர் எழுதுவது மனிதவளப் பிரிவுக்குப் பிடிக்கவில்லை, ஆள் மாறும்போதெல்லாம் திருத்த வேண்டுமே என்றார்கள். அதற்காகத்தான் எழுதுகிறோம் என்றேன்.

என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். 2001 என்று நினைவு. அதே பட்டுக்கோட்டைக்காரர் அதற்குள் சுத்திகரிப்புக்கு மாறி என்னிடம் வந்திருந்தார். காலையில் ஷிப்டு மாறும்போது, "சார், ராத்திரி கட்டி சரியா இறங்கல" என்றார். கட்டி என்பது உலோகம் சேறாகத் திரண்டு அடியில் படிவது. கழிவுநீரில் காஸ்டிக் சோடா விட்டுக் காரத்தன்மையை ஏற்றினால் செம்பும் நிக்கலும் கரைசலிலிருந்து பிரிந்து தூள்தூளாகும், பாலிமர் போட்டால் தூள் திரண்டு பஞ்சுப் பொதியாக இறங்கும். பி.ஹெச். மீட்டரைப் பார்த்தேன்: 8.9. சரியாகத்தான் இருந்தது. "மீட்டர் நல்லாத்தானே காட்டுது தம்பி" என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் அதையே சொன்னார். அன்றும் நான் மீட்டரையே நம்பினேன். மூன்றாம் நாள் மனது கேட்காமல் மாதிரி எடுத்துச் சோதித்தால் செம்பு லிட்டருக்கு 7 மில்லிகிராம். வரம்பு 5. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வெளியேற்றும் வால்வை மூடி, ஆலையை ஆறு மணி நேரம் நிறுத்தினோம். அன்றைக்கு உற்பத்தி மேலாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் வரைந்து காட்டுவேன்.

காரணம் எங்கள் வரிசையிலேயே இல்லை, கொள்முதல் பிரிவில் இருந்தது. சர்க்யூட் போர்டுகளைச் சுத்தம் செய்யும் திரவத்தை மலிவான இன்னொரு பிராண்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதில் இடிடிஏ என்ற ரசாயனம் இருந்தது. அது செம்பை நண்டு மாதிரி கொடுக்குப் போட்டுப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு காரம் ஏற்றினாலும் செம்பு பிரியாது, கரைசலிலேயே கிடக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை; கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான். திரவத்தை மாற்றியவருக்கு அதனால் சாக்கடையில் ஒன்று நடக்கும் என்று தெரிந்திருக்க நியாயமே இல்லை. போத்தலுக்கு நாற்பது காசு மிச்சம் பிடித்ததற்காக அந்த மாதம் அவருக்குப் பாராட்டும் கிடைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தாள் சேர்த்தோம். புது ரசாயனம் எதுவானாலும் என் கையெழுத்து இல்லாமல் கிடங்குக்குள் நுழையக் கூடாது, நான் கையெழுத்துப் போடும் முன் ராத்திரி ஷிப்டு ஆபரேட்டர் ஒரு வாளியில் கழிவுநீரோடு கலந்து கட்டி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டுக் கோப்புகளையும்விட அந்த வாளி எங்களைக் காப்பாற்றியது. தணிக்கையாளர் ஒருவர் அதன் ஆவண எண் என்ன என்று கேட்டார். வாளிக்கு எண் இல்லை என்றேன். சின்னக் குறை என்று எழுதிவிட்டுப் போனார்.

2003இல் நியூவாட்டர் வந்தது, தமிழில் புதுநீர் என்கிறோம். கழிவுநீர்க் குழாயில் போகும் தண்ணீரைச் சுத்திகரித்து, நுண்சவ்வுகளில் வடித்து, புற ஊதாக் கதிர் பாய்ச்சி மறுபடியும் பயன்பாட்டுக்கு விடுவது. பெரும்பகுதி சில்லு ஆலைகள் போன்ற தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து குழாய்த் தண்ணீராக நமக்கே வருகிறது. 2008இல் மரினா அணைக்கட்டைத் திறந்தார்கள். அப்பா வாடையோடு வந்த ரோச்சோர் கால்வாயும் காலாங் ஆறும் போய்ச் சேரும் இடம் அதன்பிறகு குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடைக்குப் பின்சந்தில் பாத்திரம் கழுவி லோங்காங்கில் ஊற்றினால் அது மரினாவுக்குப் போகும். பதினொன்றாவது குழி அடைபடாமல் இருந்திருந்தால் அதுவும் அங்கேதான் போயிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் நடத்தும் பயிற்சியில் இதற்கப்புறம் கொள்கை அறிக்கையை வாசிப்பதை விட்டுவிட்டேன். ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, "இது போன வருஷம் எங்க இருந்துச்சு?" என்று கேட்பேன். முகம் சுளிப்பார்கள். குடித்துக் காட்டுவேன்.

முதலாளிகள் எதற்கு அசைவார்கள் என்பதிலும் ஒன்று கற்றேன். சட்டத்துக்கு அசைவார்கள், மெதுவாக. வாடிக்கையாளருக்கு உடனே அசைவார்கள். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவுக்குப் போகும் மின்னணுப் பொருள்களில் ஈயமும் அறுமதிப்புக் குரோமியமும் 0.1 விழுக்காட்டுக்கு மேல், காட்மியம் 0.01 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆர்ஓஎச்எஸ் விதி வந்தது. நாங்கள் பத்து வருடம் பயந்து பயந்து கையாண்ட மஞ்சள் தொட்டியின் பெரும்பகுதி ஆறு மாதத்தில் காணாமல் போனது. பிரசல்ஸில் போட்ட கையெழுத்து காலாங்கில் ஒரு தொட்டியைக் காலி செய்தது. மறுபக்கம், 2017இலும் 2018இலும் இரண்டு கட்டமாகத் தண்ணீர் விலை 30 விழுக்காடு ஏறியபோது, அலசும் தொட்டிகளைப் பற்றி நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. நிதிப் பிரிவிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்கள்.

திருப்பூரில் சாயத் தொழில் செய்யும் உறவினர் ஒருவர் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நொய்யலில் விவசாயத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அவர் கண் முன் நடந்தவை. "உங்க ஊர்ல அதிகாரி போத்தல் எடுத்துட்டுப் போறான், எங்க ஊர்ல ஆத்தையே எடுத்துட்டுப் போயிட்டாங்க மாப்ள" என்பார். சிங்கப்பூரில் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே ஆறுகள் குட்டையானவை, ஆலைக்கும் குடிநீருக்கும் நடுவில் தூரமே இல்லை. தூரம் இருந்தால் நாங்களும் என்ன செய்திருப்போமோ. தவிரவும், எங்கள் சேறு எங்கும் மறையவில்லை. உரிமம் பெற்றவர் லாரியில் ஏற்றிச் சீட்டு எழுதிக் கொண்டுபோவார், அதை ஆண்டு முழுவதும் கணக்கு வைக்க வேண்டும். நாட்டின் எரிந்த குப்பைச் சாம்பலெல்லாம் 1999 முதல் கடலுக்குள் இருக்கும் செமாக்காவ் நிலநிரப்புத் தளத்துக்குப் போகிறது. அதுவும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

2015இல் ஐஎஸ்ஓ 14001 தரநிலையைத் திருத்தினார்கள். நிர்வாகப் பிரதிநிதி என்று ஒருவரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும் என்ற பழைய பிரிவை எடுத்துவிட்டு, பொறுப்பு மேல்மட்டத் தலைமைக்கே உரியது என்று எழுதினார்கள். அந்தப் பிரதிநிதி பத்து வருடமாக நான்தான். எல்லாரும் என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள், நானும் அதில் கொஞ்சம் கர்வத்தோடு இருந்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். புது விதிப்படி நடந்த முதல் ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் என் ஸ்லைடுகளைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். "ஒரு சதுர மீட்டர் போர்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? போன வருடம் எத்தனை?" என்றார். அதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோனார். முதலில் வருத்தமாக இருந்தது. அடுத்த மாதம் உற்பத்தி மேலாளரின் போனஸ் கணக்கில் அந்த எண் சேர்க்கப்பட்டிருந்தது.

2019இல் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்தவர் சுற்றுச்சூழல் பொறியியல் படித்த பெண், இருபத்தேழு வயது. கோப்புகளை ஏற்கெனவே கணினியில் படித்துவிட்டு வந்திருந்தார், என்னைவிட நன்றாகவே அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி நாள் மாலை டார்ச்சைக் கொடுத்து, "வாம்மா, ஒரு சுற்று நடந்துட்டு வருவோம்" என்றேன். கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால், சுவரோரமாக, புதிதாகச் சாம்பல் நிறம் பூசிய ஒரு சின்னக் குழாய். வரைபடத்தில் அது இல்லை, எனக்கும் தெரியவில்லை.

"யாரைக் கேக்கலாம் அங்கிள்?"

மணி ஆறரை. பகல் பராமரிப்பு ஆட்கள் போய்விட்டார்கள். ராத்திரி ஷிப்டு வர எட்டாகும். காப்பிக்கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தோம். ராத்திரி ஷிப்டோடு பட்டுக்கோட்டைக்காரர் வந்தார். அப்போது அவர் ஷிப்டு தலைவர், தலை நரைத்துவிட்டிருந்தது. "போன வாரம் காண்ட்ராக்டர் போட்டான் சார். கம்ப்ரஸர்லேர்ந்து வர்ற தண்ணி. லேசா எண்ணெ இருக்கும்" என்றார். எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை. என் மேசை இழுப்பறையில் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. லோங்காங்கின் வாயில் மணல்மூட்டையை அந்தப் பெண்ணே இழுத்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் கேசரி நிறம் வந்தது.

குழாயில் சிவப்பு நாடாவைக் கட்டி, அடியில் ஒரு வாளியை வைத்தோம். ஒன்பது வரிப் பட்டியலில் பத்தாவதாக அவர் தன் கையெழுத்தில் எழுதினார். யார் பெயர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஷிப்டு தலைவரைப் பார்த்தார். "என் பேரயே போடுங்கம்மா, நாளைக்கு மாத்திக்கலாம்" என்றார் அவர்.